ஏழாம் நம்பரின் இடது கால்

விரல்கள் தோலின் ஓரத்தை மடித்துப் பிடித்திருந்தன. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது; மெழுகு தடவிய நூல் பின்னாலேயே இழுபட்டு இறுகியது. பத்துத் தையலுக்கு ஒருமுறை கை நின்றது. குனிந்து, தைத்த இடத்தைக் கீழுதட்டால் வருடிப் பார்த்தாள். பதினெட்டு வருடம் ஊசி பிடித்ததில் விரல் நுனி மரத்துப் போய்விட்டது. விரலுக்குத் தெரியாத முடிச்சு உதட்டுக்குத் தெரியும். உதட்டில் உறுத்துவது காலைப் புண்ணாக்கும் என்பது அவள் கணக்கு.

ஒரு காலத்தில் செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவள். அதை மூடியபோது, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட கால் கவசம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். தையல் தையலாகப் பிரித்தாள், மறுபடி தைத்தாள். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அன்றிலிருந்து இதுதான் பிழைப்பு. தோல் வேலை அவளுடையது. காலின் இரண்டு பக்கமும் நிற்கும் இரும்புப் பட்டையை வளைத்துப் பொருத்துவது தம்பி. தம்பியின் சிநேகிதர்களுக்கும் அவள் அக்காதான்.

அந்தச் சிநேகிதர்கள் இருவரும் இன்று கிளம்புகிற வழியாக இல்லை. வழக்கமாக ஐந்து மணிக்கெல்லாம் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். நாளை கால்பந்துச் சங்கத்தில் விசாரணை என்பதால் இன்று பயிற்சி இல்லையாம். மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள், இந்தக் கவசத்தைப் போடப்போகிறவனின் அம்மாவை.

"மிதிக்கவே இல்லைங்கறேன்," என்றான் விசில். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். "பந்துக்குத்தான் போனான் நம்ம சுவரு. அந்த ஏழாம் நம்பர் தானா வந்து காலுக்கு அடியில விழுந்தான்."

"விழுந்தவன் எந்திரிக்கலையேடா," என்றார் வயரிங் வேலை செய்கிறவர். மூவரில் மூத்தவர், எதற்கும் இரண்டு பக்கம் பேசுகிறவர்.

"எப்படி எந்திரிப்பான்? எந்திரிச்சா நடிப்பு போயிடுமே. மூணு வாரமா படுத்துக்கிட்டே நடிக்கிறான்."

"நான் வீடியோவை இருபது தடவை பாத்தேன். சுவரு கால் கொஞ்சம் ஒசரமாத்தான் இருந்துச்சு."

"நீங்க அக்கரையில பொண்ணு எடுத்தவரு. உங்களுக்கு அப்படித்தான் தெரியும்."

தம்பி சிரித்தான். அவன் மூலையில் அரத்தால் ஒரு ஆணித் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிரவில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி. சுவர் என்பது இக்கரையின் தடுப்பாட்டக்காரன். ஏழாம் நம்பர் அக்கரையின் உயிர்நாடி. மூன்று வாரத்துக்கு முன்னால் மைதானத்தில் அவனைத் தூக்க ஆள் வரத் தாமதமானபோது, மருந்துக்கடைக்காரர் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவரும் இக்கரைக்காரர்தான். மறுநாள் காலையில் காரின் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. யார் செய்தது என்று தெருவுக்கே தெரியும். வாயைத் திறந்தவர் இல்லை.

அன்று காலை தம்பியின் உள்ளங்கையில் ஒரு கட்டு இருந்தது. "தகரம் கிழிச்சிடுச்சு," என்றான். அந்த வாரம் அவர்கள் கடையில் தகர வேலை எதுவுமே இல்லை. அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

போன வாரம் ஆஸ்பத்திரியில், கட்டில் எண் மட்டும் எழுதிய சீட்டோடு அச்சு எடுக்கப் போனாள். படுத்திருந்தவனைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. எலும்பில் விரிசல், கணுக்காலில் தசைநார் கிழிசல். "அக்கா, நீங்க எந்தக் கரை?" என்று கேட்டான். "எங்கெங்க வலிக்குது, அதைச் சொல்லு," என்றாள். மெல்லிய துணி உறையைக் காலில் மாட்டி, அவன் காட்டிய இடங்களில் ஊதாப் பென்சிலால் புள்ளி வைத்தாள். வலிக்கிற இடத்தில் கவசம் படக்கூடாது, அதற்காகத்தான் புள்ளி. துணியில் வைத்தது மாவுக்கட்டில் ஒட்டும், மாவுக்கட்டிலிருந்து அதற்குள் ஊற்றி எடுக்கிற சுண்ணக் காலுக்கு வரும். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் வெளிப்பக்கம், மூன்று புள்ளிகள்.

அந்த வெள்ளைக் கால்தான் இப்போது மேசை மேல் நிற்கிறது, விசிலின் முழங்கைக்குப் பக்கத்தில்.

யாருடையது என்று தம்பி கேட்டபோது ஒரு தச்சருக்கு என்று சொல்லியிருந்தாள். அவனும் அந்தக் காலை வைத்துத்தான் பட்டையை வளைத்தான். ஒரு புள்ளியில் இரும்பு உரசுகிறது என்று அவனே கண்டுபிடித்து, இரண்டு தடவை சூடு காட்டி விலக்கிக் கொடுத்தான்.

"நாளைக்கு விசாரணைக்கு அவன் வரவே மாட்டான் பாருங்க," என்றான் விசில். "வந்து நின்னு காலைக் காட்டினாத்தானே சுவருக்குத் தடை போடுவாங்க? ஆளே இல்லைன்னா கேஸே இல்ல."

அவள் கையில் ஊசி ஒரு இழை தவறியது. இந்தக் கவசம் இல்லாவிட்டால் அவனால் எழுந்து நிற்க முடியாது. அதை இந்த அறையில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். தவறிய தையலைப் பிரித்து மறுபடி போட்டாள். இன்னும் நான்கு. விரல் விரைந்தால் முடிச்சு விழும், நிதானித்தால் ஆள் வந்துவிடும்.

"சரி, வீடியோ வேணாம். இப்ப நான் காட்டறேன்," என்று விசில் எழுந்தான். தோள்பையிலிருந்து ஒரு பூட்ஸை எடுத்தான். சுவர் போன வருடம் கழற்றிப் போட்டது; இப்போதும் அவன் போடுவது அதே ரகம்தான். இறுதி ஆட்டத்தன்று கெஞ்சி வாங்கியது. ராசி என்று எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவான். குளிக்கும்போது மட்டும் வெளியே விடுவான் என்று வயரிங்காரர் சொல்வார்.

"அந்தக் காலைத் தொடாதே," என்றாள். விசிலின் காதில் விழவில்லை.

அவன் வெள்ளைக் காலை மேசையில் சாய்த்தான். "இப்படி ஓடி வர்றான் ஏழாம் நம்பர். நம்மாளு பந்துக்குக் காலை நீட்டறான். அடிப்பாகம் மேல பட வாய்ப்பே இல்ல. பட்டா இப்படித்தான் படணும்..." பூட்ஸின் முன்பாகத்தைக் காலின் மேல் கொண்டுவந்து வைத்தான்.

முன்பாகத்தின் அடியில் பிடிப்புக்காக இருந்த மூன்று குமிழும் மூன்று ஊதாப் புள்ளிகளின் மேல் உட்கார்ந்தன.

வயரிங்காரர் குனிந்து பார்த்தார். "என்னடா இது, அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

"அது... எந்தக் கால்ல வச்சாலும் அப்படித்தான் இருக்கும்." விசில் பூட்ஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். பொருந்தவில்லை. தலைகீழாகத் திருப்பினான். பொருந்தவில்லை. பழைய இடத்துக்கே கொண்டுவந்தபோது மறுபடி உட்கார்ந்தது. கன்னத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போய்விட்டது.

"அக்கா, இது யார் கால்?"

அரத்தின் சத்தம் நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உதட்டை வைத்து வருடினாள். உறுத்தவில்லை.

"அக்கா, உங்களைத்தான் கேக்கறேன்."

வாசலில் நிழல் விழுந்தது. ஒல்லியான ஒரு அம்மா, செருப்பை வெளியே கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"ஆறு மணிக்கு வரச் சொன்னீங்க," என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன்."

"யாருக்கும்மா?" விசில்தான் கேட்டான்.

"என் மகனுக்கு."

"என்ன ஆச்சு அவருக்கு?"

அந்த அம்மா பூட்ஸைப் பார்த்தார், அதன் கீழே இருந்த காலைப் பார்த்தார். பெற்றவளுக்கு வெள்ளைச் சுண்ணத்திலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். சீட்டு இரண்டாக மடிந்தது.

தம்பி எழுந்து வந்தான். அவன் வழியில் சுத்தியல் கிடந்தது, அவள் அதையே பார்த்தாள். அவன் அதைத் தாண்டினான். விசிலின் கையிலிருந்த பூட்ஸை எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்தான். வெள்ளைக் காலை நிமிர்த்தி நிறுத்தினான். ஒரு விரல் புள்ளிகளின் மேல் ஒவ்வொன்றாகப் போய் நின்றது.

"தச்சருன்னு சொன்னே," என்றான், அவளைப் பார்த்து.

"ஆமா, சொன்னேன்."

கவசத்தைக் கேட்டு உள்ளங்கையை நீட்டினான். குறுக்கே ஒரு தழும்பு, கண்ணாடி கிழித்தால் வருகிற மாதிரி நேராக, மெல்லிசாக. இப்போதுதான் அவள் அதைக் கட்டில்லாமல் பார்க்கிறாள். கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"டேய், நீ அதைக் கொடுத்தேன்னு வை..." என்று ஆரம்பித்தான் விசில். வயரிங்காரர் அவன் தோளில் கை வைத்தார். வைத்த கை தடுக்கவா, கூடச் சேரவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கவசத்தைத் தம்பியின் கையில் வைத்தாள். கொடுத்த பிறகும் ஒரு பக்கத்தை அவள் விரல்கள் பிடித்தே இருந்தன. அவன் இழுக்கவில்லை, காத்திருந்தான். விட்டாள்.

பட்டையை மடக்கி நீட்டிப் பார்த்தான். கீல் சத்தமில்லாமல் திரும்பியது.

"மேல் வாரை முதல்ல கட்டணும், அம்மா," என்றான். "கீழ் வாரை இறுக்கவே வேணாம். வெளிப்பக்கம் மூணு இடத்துல படாத மாதிரி விட்டிருக்கேன். பட்டா உடனே கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்."

இரண்டு கையாலும் நீட்டினான். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.