கதவைக் கழற்றிய விமானத்தில் சோழவந்தானுக்கு மேலே

வைகையில் தண்ணீர் திறந்திருக்கும்போது சோழவந்தானை மேலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் பள்ளிக்கூட கிளார்க். எங்கள் இயற்பியல் ஆசிரியர் அந்தோணி சார் விமானம் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அவர்தான் அழைத்துப் போனார்.

விளாங்குடியிலிருந்து காலை 5.40க்கு பைக்கில் கிளம்பினோம். 22 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே தனியார் ஓடுபாதை. அவரும் நண்பர்களும் சேர்ந்து வாங்கிய இரண்டு இருக்கை விமானம் அங்கே நின்றது. படத்துக்குக் கண்ணாடி மறைக்கக் கூடாதென்று இரண்டு கதவையும் கழற்றியிருந்தார். பார்க்க ஷேர் ஆட்டோ மாதிரி இருந்தது. பெட்ரோலுக்கு 2,000 ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை.

“பாக்கெட்ல ஒண்ணும் இருக்கக் கூடாதுண்ணே. பேனா பறந்து வால்ல பட்டாக்கூட வம்பு.”

செல்போன், சாவி, பேனா எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். “அம்புட்டுத்தான் சார்” என்றேன். கேமராவை வாரால் என் மணிக்கட்டோடு அவரே கட்டிவிட்டார்.

6.50க்கு எழும்பினோம். காலுக்குப் பக்கத்திலேயே தரை விலகியபோது இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஆயிரம் அடியில் அதெல்லாம் மறந்துவிட்டது. வெற்றிலைக் கொடிக்கால்கள், வயல், நடுவே நிறைந்து ஓடும் ஆறு. படம் எடுக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்று கிளம்பி, காற்றில் அவிழ்ந்து, சார் முகத்தில் அடித்தது. விபூதி. கிளம்பும்போது என் மனைவி வைத்துவிட்டது. விபூதியை யாராவது சாமான் கணக்கில் சேர்ப்பார்களா? நான் சேர்க்கவில்லை.

அவருக்கு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. விமானத்தை ஓட்டும் குச்சி அவருக்கு முன்னால் ஒன்று, எனக்கு முன்னால் ஒன்று இருந்தது. ஹெட்செட்டில் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

“அண்ணே, உங்க முன்னால இருக்க குச்சியப் பிடிங்க. எதுக்க மலை தெரியுதா?”

“தெரியுது சார்.”

“மூக்கு அதப் பாத்தே இருக்கட்டும். ஏறுனாலும் எறங்குனாலும் எங்கிட்டச் சொல்லுங்க.”

ரெண்டு நிமிடம் இருக்கும். “நேராப் போகுது சார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணீர் வழிந்து வழிந்து ஒரு கண் திறந்தது. அதை வைத்தே இறக்கிவிட்டார்.

குழாயடியில் அவர் முகம் கழுவும்போது உண்மையைச் சொன்னேன்.

“எப்பவும் கழுத்துல கெடக்குற ஜெபமாலையக்கூடக் கழட்டி வண்டில வச்சுட்டுத்தான்ணே நான் ஏறுனேன்” என்றார். கண் ரெண்டும் இன்னும் சிவந்தே இருந்தன.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்கு முன்பே பறந்துவிடுங்கள், அப்புறம் காற்று ஆட்டும். ஸ்வெட்டர் அவசியம். பையே இல்லாத டி-ஷர்ட் உத்தமம். பையில் என்ன என்று கேட்டால், சாமி பிரசாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை காலை சார் என் மேஜைக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே, கட்டம் தாண்டாமல், எப்போதும் போலக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.