தொய்வாக விட வேண்டிய செம்புப் பின்னல்

உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அம்மா ஓய்ந்துபோனாள். அப்படிப்பட்ட என்னைத் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு சின்னப் பட்டறையில், அதிர்வே ஆகாத வேலைக்கு எடுத்தார்கள்.

மிக மங்கலான ஒளியை அளக்கும் கருவி அது. காற்றை உறிஞ்சி எடுத்த எவர்சில்வர் பெட்டிக்குள் சென்சார் இருக்கும். கடுங்குளிரில்தான் அது வேலை செய்யும். குளிரைத் தரும் கூலரோ ஓயாமல் துடிக்கும். இரண்டையும் இணைப்பது விரல் நீளச் செம்புப் பின்னல். அதன் வழியே குளிர் போக வேண்டும், துடிப்பு போகக் கூடாது.

அந்த வாரம் சென்சார் அளப்பதைக் காட்டும் திரையில் கோடு நடுங்கியது. வெள்ளிக்கிழமை வாங்குபவர்கள் வருகிறார்கள். கோடு நேராக நின்றால்தான் எடுப்பார்கள். முதல் பழி என் காலுக்கு. என்னை வெளியே அனுப்பிப் பார்த்தார்கள், நடுக்கம் நின்றபாடில்லை. அடுத்த பழி பஸ்ஸுக்கு. அன்று அமாவாசை, மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அதிரவைத்துக்கொண்டு போயின. நாளைக்குச் சரியாகிவிடும் என்றார் சூப்பர்வைசர் அக்கா. மறுநாள் புதன்கிழமை, ரோடு காலி. கோடு அப்படியேதான் நடுங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னலை மாட்டியது நான். தொய்ந்தால்தான் துடிப்பு அதிலேயே அடங்கும், தொய்வாக விடு என்று அக்கா சொல்லித்தான் இருந்தார். வயலில் வேர்க்கடலை பிடுங்கி, அந்த மல்லாட்டைக் கொடியை இறுக்கிக் கட்டியே பழகிய கை. தொங்குவது அசிங்கமாகத் தெரிந்து, இழுத்து முடுக்கிவிட்டேன். இப்போது சொன்னால் பெட்டியைத் திறக்க ஒரு நாள் சூடேற வேண்டும், மறுபடி குளிர ஒரு நாள்; வெள்ளிக்கிழமை ஆகிவிடும். சொல்லாவிட்டால் கருவியே போச்சு. டீக்கும் தண்ணீருக்குமாக எழுந்து எழுந்து போனேன். கடைசியில் அக்காவின் மேஜைக்குப் போய் நின்றேன்.

"நான்தாங்க்கா பின்னலை இழுத்து முடுக்கிட்டேன்."

அக்கா எழுந்துபோய்க் கூலரை அணைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாங்க வந்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னலைத் தொய்வாக மாற்றி மாட்டிய கருவி அப்போதுதான் குளிர்ந்து முடிந்தது. நான் மூலையில் முழங்காலை இறுகப் பிடித்து உட்கார்ந்திருந்தேன்.

அக்கா கருவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க வந்து குந்து. கையை எடு. கால் ஆடட்டும், பாக்கலாம்."

கையை எடுத்தேன். கால் ஆடியது. கோடு ஆடவில்லை.