மெஹரு வாசித்த ஏழு மணிச் செய்தி

போன வாரம் டவுன் பஸ்ஸில் ஒரு பெண் செல்போனைக் கைநீட்டிப் பிடித்து, தன்னையே படம் எடுத்தபடி பேசிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பவில்லை. அவர் தன் போனில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மெஹரு ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவள் பஸ் ஏறினால் எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு?

மெஹருன்னிஸாவும் நானும் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தோம். ஜெராக்ஸ் மிஷினின் சூட்டு வாடை சேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். (இன்றைக்கும் அந்த வாடை அடித்தால் எனக்குப் பசிக்கும், மிஷின் பக்கத்தில்தான் மத்தியானச் சாப்பாட்டைப் பிரிப்போம்.) மாடியில் கேபிள்காரர் ஒரு உள்ளூர் சேனல் ஆரம்பித்தார். தினமும் ஏழு மணிக்குச் செய்தி. வாசிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் இருவரையும் கேமரா முன்னால் உட்கார வைத்தார். நான் ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தேன். மெஹரு மழையை 'மளை' என்றாள். ஆனால் தடுக்கிய இடத்தில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. முக்காடு போட்டுத்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி அவள் அம்மாவும் சம்மதித்தார்.

எந்தத் தெருவில் நாளைக்குத் தண்ணீர் வராது, எங்கே கண் முகாம், கல்லல் பக்கம் யார் மாட்டைக் காணோம், எல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறியதும் யாராவது எழுந்து, "டிவியில வாரவுகதானே நீங்க, இங்குட்டு உக்காருங்க" என்பார்கள். நான் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கொடுமை என்னவென்றால், சாயங்காலம் செய்தியை அவள் முதலில் என்னிடம்தான் வாசித்துக் காட்டுவாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். ஏழு மணிக்கு என் ஏற்ற இறக்கமெல்லாம் அவள் வாயிலிருந்து வரும். என் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "எம்புட்டுத் தெளிவா வாசிக்குது அந்தப் புள்ள. நீயும் இருக்கியே" என்பாள். வயிறு எரியும். இவளுக்கு ஒரு நாளாவது தொண்டை கட்டாதா என்று நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் கட்டியது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கேபிள்காரர் என்னைக் கூப்பிட்டார். தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு, அம்மாவின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நன்றாகவே வாசித்தேன். சிரிக்கவும் சிரித்தேன், அது மாடு செத்துப்போன செய்தியாக இருந்தாலும். முடித்துவிட்டுக் கீழே வந்தால் ரோடே இருட்டு. மாடியில் ஜெனரேட்டர் ஓடியதால் எனக்குத் தெரியவில்லை. ஆரம்பத்தில் நான் வணக்கம் சொன்ன கையோடு ஊர் முழுக்கக் கரண்ட் போயிருக்கிறது.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், அதே பட்டுச் சேலையோடு மெஹரு வீட்டுக்குப் போனேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படுத்திருந்தாள்.

"பாக்க முடியலையேடி" என்றாள், கம்மிய குரலில். கொஞ்ச நேரம் என் சேலையையே பார்த்தாள். "பொய் சொல்ல மாட்டேன். கரண்டு போனதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. என்னையவிட நீ நல்லா வாசிப்பேன்னு எனக்குத் தெரியும்ல."

எனக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுகிறாளே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. இருவரும் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு பெரிய சேனல்கள் வந்தன, மாடிச் சேனலை மூடிவிட்டார்கள். அவள் வாசித்ததில் ஒரு கேசட்கூட மிஞ்சவில்லை. மெஹரு மகனோடு மலேசியாவில் இருக்கிறாள். தண்ணீர் வராத செய்தி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அதற்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. அக்கா மகள் தூண்டிவிட்டதில் நானும் ஒரு நாள் எதையோ வாசித்துச் செல்போனில் படம் பிடித்துப் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். மெஹருவும் ஒன்று காட்டினாள். யாருக்கும் வயிறு எரிந்த மாதிரித் தெரியவில்லை.