பஸ் முழுக்கக் கேட்ட பிரெஞ்சுத் தடுப்பு

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஷைனி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்தபடியே வருவாள். பக்கத்து இருக்கை குணசுந்தரிக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"இன்னாடி, ஜெபமா?"

"ஆமாக்கா."

பச்சைப் பொய். தன் குரலில் தானே பதிவு செய்த சதுரங்க நகர்த்தல்களைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை; போன் லாக்கரில் கிடக்கும். படிக்க அவளுக்கு வாய்த்த இடம் பஸ்தான்.

தொழிற்சாலைகளுக்கிடையே நடக்கும் சதுரங்கப் போட்டிக்குக் கம்பெனி நால்வரை அனுப்பும். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடம் ஷைனிக்கா, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் லோகுவுக்கா என்பதைச் சனிக்கிழமை ஒரே ஆட்டத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். காசு சுண்டியதில் ஷைனிக்கு வெள்ளைக் காய்கள். போனிலேயே ஆடிப் பழகியவள் அவள். நிஜப் பலகையில், எதிரே ஒரு முகம் உட்கார்ந்திருக்க, வெளியாட்களோடு மோத வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

வெள்ளைக்கு முதல் நகர்த்தல் சொந்தம். சொந்தம் அதோடு சரி. கறுப்புக்காரர் அதற்குத் தடுப்பாகச் சிசிலியன் போடலாம், காரோ-கான் போடலாம், பிரெஞ்சு போடலாம். ஒவ்வொரு தடுப்புக்கும் புத்தகம் புத்தகமாக வழிகள் உண்டு. ஷைனி அந்தக் காட்டுக்குள் போகவே இல்லை. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை முதலில் தள்ளுவது, எது வந்தாலும் நடுவைப் பிடிக்கப் பார்ப்பது, ஒரு தடுப்புக்கு ஒரே பதில். ஏன் என்று தனக்கு விளங்காத எந்த நகர்த்தலையும் அவள் பதிவு செய்ததில்லை. அந்த ஒன்றுக்கே அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

புதன்கிழமை, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. டிரைவர் அப்பாவு பஸ்ஸில் புதிதாக ஒரு புளூடூத் ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். முந்தின நாள் பாட்டுப் போட ஷைனியின் போனைத்தான் அதோடு இணைத்தார்கள். அவளோ அதை மறந்துபோய் பதிவைத் தட்டினாள். காதில் ஒன்றும் கேட்கவில்லை; பஸ்ஸே அதிர்ந்தது. முதலில் பதிவில் விழுந்திருந்த வீட்டுக் குக்கர் விசில், பிறகு அவள் குரல்:

"சிசிலியன் வந்தா பயமில்ல. காரோ-கானும் சமாளிச்சிக்கலாம். பிரெஞ்சு வந்தாதான் பேஜாரு. நடுவுல அடைச்சிக்கும், எனக்கு மூச்சு முட்டும்."

"இதானாடி உன் ஜெபம்?" என்று குணசுந்தரி விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸும் சேர்ந்து சிரித்தது. பின்சீட்டில் லோகு மட்டும் சிரிக்காமல், தூங்குகிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

வேலையில் நின்றபோது ஷைனிக்கு அழுகை முட்டியது. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டியது போயிற்றே! சாப்பாட்டு நேரத்தில், சோற்றைப் பிசைந்தபடியே சட்டென்று நிமிர்ந்தாள். லோகு என்ன ஆடுவான் என்று இனி யோசிக்கவே வேண்டாமே!

அதன்பின் மற்ற பதிவுகளை அவள் தொடவில்லை. போகும்போதும் வரும்போதும் பிரெஞ்சு மட்டும்தான். நடு அடைத்தால்தானே மூச்சு முட்டும்? அடைக்கவே விடக்கூடாது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! லோகு வேறெதையாவது ஆடினால் கதை கந்தல்.

சனிக்கிழமை கேன்டீனில் ஆட்டம். ஷைனி ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். லோகு புன்னகையோடு தன் ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். பிரெஞ்சேதான். அடுத்த நகர்த்தலில் இருவரும் ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்தார்கள். ஷைனி தயங்காமல் அவன் சிப்பாயை வெட்டினாள், அவனும் திருப்பி வெட்டினான். நடு திறந்துகொண்டது. பெரிய ஆட்டக்காரர்கள் இதைச் சப்பையான வழி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மூன்று நாளில் கற்ற தடுப்புக்குள் லோகு திணறினான். ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்காமல் நடுவிலேயே விட்டு, அதற்கு முன்னால் ராணியைக் கொண்டுவந்து நிறுத்தினான். நேர் எதிரே ஷைனியின் யானை வந்து நின்றது. ராணி விலகினால் பின்னாலிருக்கும் ராஜா மாட்டும். ராணி போனது, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் போனது.

லோகு கை நீட்டினான். "நல்லா ஆடுன ஷைனி. எப்பவும் போல நான் சிசிலியனே போட்டிருக்கணும். உனக்குதான் அதுக்குப் பயமில்லன்னு கேட்டேன், அதான் உட்டுட்டேன்."

ஷைனி அவன் கையைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயமா இருந்துச்சு லோகுண்ணா. அதான் பயமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."