முழங்கால் வலியும் தக்காளி நாற்றும்

என் மாமனார் முப்பது வருடம் ஓடும் பேருந்தில் நின்றே டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்றதும் முழங்கால் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் சர்ச்சில் மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். எல்லோரும் முழங்காலிட்டு ஜெபிக்கையில் இவர் பெஞ்சில் சாய்ந்து, யாரும் கேட்காமலே முட்டியைத் தடவிக் காட்டுவார்.

வசந்தம் வந்தது. தக்காளி நாற்று நடுவதற்காகக் காலையில் தோட்டத்தில் மண்டியிட்டவர், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். வலி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“வலிக்கலையா?” என்று மாமியார் கேட்டார்.

“மண்ணு மெத்துன்னு இருக்கு. சர்ச் தரைதான் கல்லு.”

ஞாயிற்றுக்கிழமை ஜெப நேரத்தில் மாமியார் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தொட்டியை எடுத்து அவர் காலடியில், அந்தக் கல்தரையில் வைத்தார். அதில் ஒரு தக்காளி நாற்று சாய்ந்து கிடந்தது.

“இப்ப முட்டி மடங்குதான்னு பாப்போம்” என்றார் மெதுவாக.

மாமனார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு முழங்காலிட்டார். நாற்றை நிமிர்த்தி, வேரைச் சுற்றி மண்ணை அழுத்திவிட்ட பிறகுதான் கண்ணை மூடினார்.