கோச்சடைக் கம்பத்து மஞ்சள் துணி

எத்தனை பேர் கும்பிட்டால் ஒரு பொய் பொய்யாக இல்லாமல் போகும்? பேயாண்டியின் மூன்று வருடங்கள் இந்தக் கேள்விக்குள்தான் கழிந்தன.

கோச்சடையில் ஓர் இணைய நிறுவனத்துக்கு கேபிள் வேலை பார்த்தார். தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழைகளை மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். கை நடுங்காது, அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம் சாக்கடைக்குத் தோண்டிய பொக்லைன் மூன்று முறை அவருடைய கேபிளை அறுத்துவிட்டது.

"இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க" என்றார் மேலாளர்.

மறுநாள் காலை, மண்ணுக்குள்ளிருந்து கேபிள் மேலேறும் கம்பத்தில் பேயாண்டி மஞ்சள் துணி சுற்றினார். கம்பத்தடியில் இருந்த இணைப்புப் பெட்டிக்கு மூன்று விரலால் திருநீறு பூசி, ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

பொக்லைன் ஓட்டும் அழகுபாண்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"என்ன சாமிண்ணே இது?"

"கேக்காத மாப்ள. பேரைச் சொன்னா ஆகாது."

பள்ளம் பத்தடி தள்ளிப் போனது. சாக்கடை இன்றும் அங்கே வளைந்துதான் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை பூக்காரி மாயக்காள் பெட்டியின் மேல் சூடம் ஏற்ற, பிளாஸ்டிக் மூடி இளகியது. பேயாண்டி ஓடி வந்தார்.

"அக்கா, இந்தச் சாமிக்குச் சூடு ஆகாது."

"அப்படியா? குளிர வச்சிருவோம்."

அடுத்த வெள்ளி ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியது. நான்கு தெருவுக்கு இணையம் நின்றது. பேயாண்டி உட்கார்ந்து ஒவ்வொரு முனையாகத் துடைத்தார். மாயக்காள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நெருப்பும் ஆகாது, தண்ணியும் ஆகாது. எம்புட்டு கிராக்கி இந்தச் சாமிக்கு. என்னதாண்டா ஆகும்?"

"பூ போதும்க்கா. அதையும் எட்ட வச்சிரு."

"நீ மட்டும் கைய உள்ள விடுற?"

பேயாண்டி அடுத்த முனையை எடுத்துத் துடைத்தார். "நான் பூசாரிக்கா."

அதன்பின் பெட்டியைத் திறக்கக் குளித்துவிட்டு வர வேண்டியதாயிற்று. கறி தின்ற நாளில் பழுது வந்தால், அவர் தலைக்கு ஊற்றிக்கொண்டு வரும்வரை நான்கு தெருவும் காத்திருந்தது. ஆனால் கேபிள் அறுபடவில்லை. வேலையும் நிலைத்தது.

இந்தத் தை மாதம் நிறுவனம் கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோனது. பழைய பெட்டியைக் கழற்றி வரச் சொன்னார்கள். மாயக்காள் வருவதற்கு முன்பே பேயாண்டி போய்விட்டார். தெருவில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றினார். இழைகளை உருவிச் சுருட்டிக்கொண்டார். வெறும் பெட்டியைத் துடைத்து மூடி, பையிலிருந்து புது மஞ்சள் துணியை எடுத்துக் கம்பத்தில் கட்டினார்.

பெட்டி எங்கே என்று மேலாளர் கேட்டார். காணவில்லை என்று எழுதிக்கொடுத்துப் பேயாண்டி மெமோ வாங்கிக்கொண்டார்.