பதினோரு நிமிட அழைப்பு

கல்யாணத்துக்கு முன்பு நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. கொரோனா வந்தபோது எங்கள் எல்லோரையும் ஆளுக்கொரு லேப்டாப்பும் ஹெட்செட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு திரும்ப வரச் சொல்லவே இல்லை. அதனால்தான் மரக்காணத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது வேலையை விடாமலே கட்டிக்கொள்ள முடிந்தது. "வூட்ல உக்காந்துகினே வேல. புள்ளைங்களயும் பாத்துக்கலாம். வேற இன்னா வோணும்?" என்று என் பிறந்த ஊரான பிரம்மதேசத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

என் கணவர் உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிறார். தை மாதம் வேலை தொடங்கினால் ஐப்பசி மழை வரும்வரை, விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீடு ஊர் முடிந்து உப்புப் பாத்திகள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. இரண்டு அறை. முன்னறையில் பிள்ளைகள், உள்ளறையில் நான். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் அம்மாவால் படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு நகர முடியாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

உள்ளறையில் ஃபேன் போட மாட்டேன். மைக்கில் இரையும். சித்திரை மாதத்தில் ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை சொல்வேன். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். அதைக் கேட்டு மதிப்பெண் போட ஆள் இருக்கிறார்கள். மகளுக்கு இரண்டு வயதானபோது, ஒருநாள் நான் பேசிக்கொண்டிருக்கையில் கதவருகே நின்று "அம்மா, ஆய்!" என்று கத்திவிட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் சிரித்துவிட்டு, "போய்ப் பாருங்கம்மா, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்றார். டீம் லீடர் சிரிக்கவில்லை. "பின்னாடி குழந்த சத்தம் கேட்டா அந்த கால் ஃபெயில். மூணு ஃபெயில் ஆச்சுன்னா உங்கள என்னால காப்பாத்த முடியாது" என்றாள்.

அன்று சாயங்காலமே மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். "அம்மா காதுல இத மாட்னா நம்ம வூட்ல யாரும் பேசக் கூடாது. சரியா?"

"யாருமேவா? பொம்ம கூடவா?"

"பொம்ம கூட."

அவள் தன் துணிப் பொம்மையைத் தூக்கி அதன் காதில் எதையோ சொல்லிவிட்டு வந்தாள். வேலை முடிந்ததும் பேசாமல் இருந்ததற்காக அவள் உள்ளங்கையில் பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுவேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் சத்தத்தை அவளே முழுக்கக் குறைத்துவிடுவாள். படம் ஓட ஓட உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுவதைச் சொல்லும்போதெல்லாம், "என் பொண்ணு அவ்ளோ சமத்து, இருக்கறதே தெரியாது" என்று சொல்லியிருக்கிறேன்.

மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு மாதம் ஆனதும் நான் மறுபடியும் வேலையில் உட்கார்ந்தேன். மூன்று வயதுக்காரி அவனுக்குக் காவல். அவன் சிணுங்கினால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவாள். அவன் சிரிப்பான். சிரிப்பும் சத்தம்தான் என்று அவளுக்குக் கவலையாக இருக்கும். ஒருநாள் நான் தண்ணீர் எடுக்க வந்தபோது, அவன் வாயைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. நான் ஓடிப்போய்க் கையை எடுத்துவிட்டேன். பிறகு சொன்ன வார்த்தை இன்றைக்கும் என்னை விடவில்லை. "மூக்க மூடிடக் கூடாது, பாப்பா" என்றேன். வாயை மூடாதே என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

போன சித்திரையில்தான் அது நடந்தது. அவளுக்கு நான்கு வயது முடியப் போகிறது, அவனுக்கு ஒன்றரை. பதினொரு மணிக்குக் கடல்காற்று எழும்பிவிட்டது. முன்னறையிலிருந்து கொல்லைக்குப் போகும் பின்கதவு இரும்புத் தகடு. காற்றில் அறைந்து சாத்தாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருப்போம். அந்த நேரத்தில் எனக்குக் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். ஃப்ரிட்ஜ் இரண்டு நாளாக ஓடவில்லை, மெக்கானிக் வரவில்லை.

"பாப்பா, என் வீட்டுக்காரிக்குப் போடற சக்கர ஊசி மருந்தெல்லாம் உள்ள இருக்கும்மா. கெட்டுப்போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"ஐயா, பதறாதீங்க. ஒரு மண்சட்டியில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள ஒரு சின்னக் கிண்ணத்துல மருந்த வச்சு, ஈரத்துணியால மூடி வைங்க. நான் லைன்லயே இருக்கேன், செஞ்சிட்டு வாங்க" என்றேன்.

அப்போது முன்னறையில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. மைக்கைச் சட்டென்று மூடித் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் கதவருகே வந்து நின்றாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கண்ணீர் தாரையாக ஓடியது. தொண்டை ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

தம்பி பொம்மையைப் பிடுங்கியிருப்பான் என்று நினைத்தேன். மெக்கானிக் விவரம் பார்க்க ஏற்கெனவே ஒரு முறை அந்தப் பெரியவரைக் காத்திருக்க வைத்துவிட்டேன். இரண்டாவது முறை வைத்தால் மதிப்பெண் போய்விடும். உள்ளங்கையை விரித்து, இரு என்று காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். நான் திரையில் ஓடுகிற நேரத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே பேசினேன். பெரியவர் மருந்தை மாற்றி வைத்துவிட்டு வந்து, மனைவியைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டேன். மறுநாள் காலையில் மெக்கானிக் வருவதற்குப் பதிவு செய்து கொடுத்தேன். நன்றாக இரு என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினேன். மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, இப்ப பேசலாமா?"

"பேசு கண்ணு, இன்னா ஆச்சு?"

பின்னாலிருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள். நடுவிரல் நகம் பிய்ந்து தொங்கியது. பாவாடையின் பின்பக்கம் முழுவதும் இரத்தம். தம்பி செங்கல்லை உருட்டி விளையாடியிருக்கிறான். அவள் கதவைப் பிடிக்கப் போயிருக்கிறாள். காற்று அறைந்துவிட்டது.

"அழு பாப்பா, சத்தமா அழு" என்று அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் கத்தினேன். அவள் அழவில்லை. அழுகை தீர்ந்துபோயிருந்தது.

உப்பு வாரப் போயிருந்த பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் திரும்பியிருந்தார். என் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்து, "அடிப்பாவி, இவ்ளோ ரத்தம் போயிருக்குது, நீ வூட்லதானே இருந்த?" என்றார். மகனை அவர் இடுப்பில் தூக்கிக்கொள்ள, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் எப்போது நடந்தது என்று கேட்டார். "இப்பத்தாங்க" என்று பொய் சொன்னேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஊசி போட்டு, மீதி நகத்தை எடுத்துக் கட்டுக் கட்டி முடித்ததும், நர்ஸ் அவள் கன்னத்தைத் தட்டி, "இவ்ளோ சமத்தா ஒரு புள்ளய நான் பாத்ததே இல்ல. மூச்சே விடலையே!" என்றார். என் கழுத்தில் ஹெட்செட் அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அன்றைக்கு அரை நாள் நான் காணாமல் போனதற்கு டீம் லீடர் கோபப்பட்டாள். காரணத்தைச் சொன்னதும் அரை நாள் லீவாகப் போட்டுக்கொண்டாள். ஆனால் அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய அடி. அந்தப் பெரியவர் முழு மதிப்பெண் கொடுத்து, பெற்ற மகளைப் போலப் பேசினாள் என்று எழுதியிருந்தார். மாதக் கூட்டத்தில் எல்லோரும் திரையில் உட்கார்ந்திருக்க, சிறந்த அழைப்பு என்று அந்தப் பதிவை முழுவதுமாகப் போட்டார்கள். பதினோரு நிமிடம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. எங்கேயாவது ஒரு விசும்பல், ஒரு மூச்சு கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இல்லை. "குரல் பாருங்க, பொறும பாருங்க. பேக்ரவுண்ட் எவ்ளோ க்ளீன்!" என்றாள் டீம் லீடர். எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

ஆனி மாதம் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். இரண்டு வாரம் கழித்து மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்குப் பேச வருமா?"

"நல்லா பேசுவாளே மிஸ்."

"இங்க வந்ததுலர்ந்து ஒரு வார்த்த பேசல. பாத்ரூம் வந்தாக்கூட சொல்ல மாட்டேங்குறா. ட்ரஸ்லயே போயிடறா. கீழ விழுந்தாலும் அழ மாட்டேங்குறா."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. என்னிடம் அவள் வாய்விட்டுப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூடக் காதருகே வந்து கிசுகிசுப்பதோடு சரி. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதும் தொண்டையும் நன்றாக இருக்கின்றன என்றார். "வீட்ல யாராவது அதட்டுவாங்களா? அடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல சார். ஒரு நாளும் சத்தம் போட்டதே இல்ல" என்றார் என் கணவர். அது உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. வீட்டில் சத்தம் இருக்கட்டும், பாட்டுப் போடுங்கள், அவளோடு சேர்ந்து நீங்களும் கத்தி விளையாடுங்கள் என்றார். எந்த நேரத்தில் என்று நான் கேட்கவில்லை.

குரல் வேலையிலிருந்து சாட் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன். எழுத்தில் மட்டும் பதில் சொல்லும் வேலை, வீட்டில் யார் கத்தினாலும் பரவாயில்லை. "நானும் ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன், எனக்குப் புரியாதா?" என்று டீம் லீடர் சொன்னாள். "ஆனா அங்க இடம் இல்ல. உங்க வாய்ஸ் வேற எல்லாருக்கும் புடிச்சிருக்குது." ராஜினாமா மெயில் ஒன்றை அடித்து வைத்தேன். மழை மாதங்களில் என் கணவருக்கு வேலை இல்லை. அனுப்பவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனோம். அலை பெரிதாக இருந்தது. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, தொண்டை கிழியக் கத்திக் காட்டினேன். மகன் கத்தினான். அவன் அப்பாவும் வெட்கத்தை விட்டுக் கத்தினார். "நீயும் கத்து பாப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். அவள் என் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் முடி பறந்து காதை மறைத்திருந்தது. முடியை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டினேன். ஒன்றும் மாட்டவில்லை என்று தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டி, காதருகே, "இங்க யாரும்மா கேக்கறாங்க?" என்றாள். ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்தோம்.

இப்போது கார்த்திகை. பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது. உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடிவிட்டார்கள். என் கணவர் வீட்டில் இருப்பதால், பள்ளி இல்லாத நாட்களில் பிள்ளைகளை அவர் வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். போன சனிக்கிழமை, வாஷிங் மெஷின் கசிகிறது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருக்கையில், ஜன்னல் வழியே மூன்று பேரும் வரப்பின் மேல் நடந்து போவதைப் பார்த்தேன். மகன் முன்னால் ஓடினான். திடீரென்று தண்ணீரிலிருந்து கொக்குகள் கூட்டமாகக் கிளம்பின. மகள் கையை வீசிக்கொண்டு வாயை அகலத் திறந்தாள். என் காதில் இருந்தது வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத புது ஹெட்செட். நான் எழுந்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டார்.

சாயங்காலம் அவர்கள் திரும்பியதும், மகளுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டே என் கணவரிடம் கேட்டேன். "ஏங்க, கொக்கு பறந்தப்போ கத்தினாளா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கத்தினது சின்னவன்தான். இவ வாய மட்டும்தான் தொறந்தா."

மகள் ஒற்றைக்காலில் நின்று, விழுந்துவிடாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த காலைக் கழுவினேன்.